அம்மா மீன் கேட்டாள்

சுகுமாறன்: அம்மா வாஷ்ரூம்ல இருந்து வரதுக்குள்ள முடிவு பண்ணு லோகா. நீ சொல்றியா, நான் சொல்லவா?

லோகேஸ்வரி: நீதானே அண்ணே மூத்தவன்... நீதான் சொல்லணும்.

சுகுமாறன்: ரெண்டு வருஷமா, “தம்பி ரிஷி துபாய்க் கப்பல்ல இருக்கான்”னு சொன்னது நான். இப்ப, “இல்லம்மா, ஜெயில்ல இருக்கான்”னு சொல்றதும் நானேவா?

லோகேஸ்வரி: மெதுவா... பக்கத்து மேசையில பாக்கறாங்க.

சுகுமாறன்: பாக்கட்டும் லா. அதுக்குத்தானே பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வந்து இப்படி ஒரு இடம் பாத்தேன். நாலு பேர் முன்னாடி அம்மா அழமாட்டாங்க.

லோகேஸ்வரி: பொறந்தநாள் சாப்பாடுன்னுதானே கூட்டிட்டு வந்த...

சுகுமாறன்: பொறந்தநாளும்தான்.

லோகேஸ்வரி: அவன் எப்ப வெளிய வரான்? சரியா தெரியுமா?

சுகுமாறன்: அடுத்த மாசக் கடைசி. போன மாசம் பாக்கப் போனப்ப அவனே சொன்னான்.

லோகேஸ்வரி: எப்படி இருந்தான்?

சுகுமாறன்: இருந்தான்... கொஞ்சம் இளைச்சிருந்தான்.

லோகேஸ்வரி: நானும் ஒரு தடவை வந்திருக்கணும். நீதான் வேணாம்னே.

சுகுமாறன்: கல்யாணப் பொண்ணு அங்கல்லாம் வந்து, யாராச்சும் பாத்தா? அதான் மாசா மாசம் நான் போறேனே. கேளு, சாலாக் செலாத்தான்ல ஒரு ரூம் பேசி வச்சிருக்கேன். நேரா அங்க போகட்டும். உன் கல்யாணம் முடியற வரைக்கும் கிள்ளான்ல நம்ம வீட்டுப் பக்கமே வரக்கூடாது. மாப்பிள்ளை யுகேந்திரன் வீட்டுல அவனைக் கப்பல்காரன்னு நெனச்சிட்டு இருக்காங்க.

லோகேஸ்வரி: அம்மா ஒத்துக்குவாங்களா?

சுகுமாறன்: ஒத்துக்க வைக்கணும்... வராங்க. சிரி.

அம்மா: வாஷ்ரூம்ல கல்யாண மண்டபம் மாதிரி பூ அடுக்கி வச்சிருக்கான். கை துடைக்கத்தான் ஒண்ணுமில்ல. ஒரு டிஷ்யூ குடு லோகா.

லோகேஸ்வரி: இந்தாங்கம்மா.

அம்மா: மேசை ஏன்டா ஆடுது?

சுகுமாறன்: ஒரு கால் குட்டைம்மா. டிஷ்யூ மடிச்சு வச்சிருக்கேன். அசைக்காதீங்க.

அம்மா: மேல பளிங்கு... கால் குட்டை. ம், சூப் வந்துடுச்சா?

லோகேஸ்வரி: காளான் சூப். எப்படி இருக்கு?

அம்மா: நல்லா இருக்கே. நெசமாவே நல்லா இருக்கு. இந்த ரொட்டியை யாரு சுட்டான்? சூப் வச்சவன் சுடலை.

சுகுமாறன்: இங்க அப்படித்தாம்மா. ஒண்ணு பிரமாதமா வரும், ஒண்ணு கவுத்துடும். சரி, அடுத்தது சொல்லணும். உங்களுக்கு காய்கறி பாஸ்தா...

அம்மா: எனக்கு மீன்.

லோகேஸ்வரி: என்னம்மா?

அம்மா: மெனுல படம் போட்டிருக்கே, சியாக்காப்... தோலோட பொரிச்சு.

சுகுமாறன்: மீனா?

அம்மா: ஏன், இங்க மீன் விக்கறதில்லையா?

லோகேஸ்வரி: அம்மா... நீங்க மாரியம்மன்கிட்ட வேண்டிக்கிட்டீங்க. ரிஷி திரும்பி வந்து நம்ம வாசப்படி மிதிக்கிற வரைக்கும் மீன் தொடமாட்டேன்னு.

அம்மா: வேண்டிக்கிட்டேன். போர்ட் கிள்ளான்ல பொறந்தவ. மீன் இல்லாத சோறு எனக்குத் தொண்டையில எறங்கல.

லோகேஸ்வரி: அதுக்காகத்தானே மாசா மாசம் முதல் சனிக்கிழமை பத்துமலைக்கும் போறீங்க...

அம்மா: இன்னிக்கு ஆசையா இருக்கு. பொறந்தநாள் இல்லையா? சொல்லுடா, அவரு பேனாவோட நிக்கறாரு.

சுகுமாறன்: பாஸ்... ஒரு சியாக்காப். ரெண்டு சிக்கன். ஒரு ஆயர் சுவாம், இவங்களுக்கு வெந்நீர் நல்லா சூடா வேணும். எலுமிச்சம்பழம் போடாதீங்க.

அம்மா: போன் அடிக்குது. பவுனம்மா... இங்க பாட்டுச் சத்தம். வெளிய போய் பேசிட்டு வரேன்.

லோகேஸ்வரி: அண்ணே, அம்மாவுக்கு மறதி வந்துடுச்சா?

சுகுமாறன்: மறதி இல்ல. சலிச்சுப் போச்சு. இனி வரமாட்டான்னு விட்டுட்டாங்க.

லோகேஸ்வரி: அம்மாவா? ரிஷியவா?

சுகுமாறன்: ஒரு வகையில நல்லதுதான். சொல்றது சுலபம்.

லோகேஸ்வரி: எப்படி அண்ணே இப்படிப் பேச முடியுது உன்னால...

சுகுமாறன்: உனக்காகத்தான் பேசறேன்... உஷ்.

அம்மா: என்ன, ரெண்டு பேரும் பேச்சை நிறுத்திட்டீங்க?

லோகேஸ்வரி: ஒண்ணுமில்லம்மா. பக்கத்து வீட்டு ஆன்டிக்கு என்னவாம்?

அம்மா: சோத்துக்கு எவ்வளவு தண்ணி வைக்கறதுன்னு கேக்கறா.

லோகேஸ்வரி: பவுனம்மா ஆன்டியா? ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஆக்கிப் போட்டவங்க!

அம்மா: வயசாச்சு... மறந்துட்டா. அட, மீன் வந்துடுச்சு.

லோகேஸ்வரி: பாக்க அழகா இருக்கும்மா.

அம்மா: தோலு மொறுமொறுன்னுதான் இருக்கு... உள்ள பாரு. முள்ளுகிட்ட பச்சையா. ரெண்டு வருஷம் கழிச்சு மீன் கேட்டா, இது இன்னும் நீந்திக்கிட்டு இருக்கு.

சுகுமாறன்: பாஸ்! இதை மறுபடி வேக வச்சு எடுத்துட்டு வாங்க.

அம்மா: கத்தாதடா. கொண்டு வந்தவரு என்ன பண்ணுவாரு?

சுகுமாறன்: அம்மா... மீன் வரதுக்குள்ள ஒண்ணு சொல்லணும்.

அம்மா: சொல்லு.

சுகுமாறன்: ரிஷி கப்பல்ல இல்ல.

அம்மா: ம்.

சுகுமாறன்: உள்ள இருக்கான். ஜெயில்லம்மா. லோரி யார்டுல சண்டை... ஒருத்தன் மண்டையை உடைச்சிட்டான். ரெண்டு வருஷமா...

லோகேஸ்வரி: அம்மா, தண்ணி குடிங்க.

அம்மா: எனக்கு ஒண்ணுமில்ல. நீ குடி.

சுகுமாறன்: உங்களுக்குத் தாங்காதுன்னுதான் கப்பல்னு சொன்னேன்.

அம்மா: அந்த துபாய்ப் பேரீச்சம்பழம்... அவன் குடுத்து விட்டதா சொன்னியே?

சுகுமாறன்: இங்கயே, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல வாங்கினது.

அம்மா: நல்ல பழம்தான்.

சுகுமாறன்: ஆனா அவனைத் தனியா விடலம்மா. மாசா மாசம் போய்ப் பாத்தேன்.

அம்மா: எந்தக் கிழமை?

சுகுமாறன்: சனிக்கிழமை... முதல் சனிக்கிழமை. நீங்க கோயிலுக்குப் போயிடுவீங்க இல்ல.

லோகேஸ்வரி: ஆமாம்மா. அண்ணன்தான் வந்து எனக்கு எல்லாம் சொல்லுவாரு.

அம்மா: சரி. இப்ப அவனை என்ன பண்றதா உத்தேசம்?

சுகுமாறன்: அடுத்த மாசக் கடைசில விடுவாங்க. சாலாக் செலாத்தான்ல ரூம் இருக்கு. கல்யாணம் முடியட்டும், அப்புறம் வீட்டுக்கு வரலாம். மாப்பிள்ளை வீட்டுல தெரிஞ்சா...

அம்மா: லோகா, உனக்கும் இதான் சம்மதமா?

லோகேஸ்வரி: நானே யுகேந்திரன்கிட்ட சொல்லிடணும்னு இருந்தேம்மா... ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வரும்.

அம்மா: கல்யாணம் நின்னுடும்னு பயமா?

லோகேஸ்வரி: ...ம்.

அம்மா: மீன் வந்துடுச்சு. இப்ப வெந்திருக்கு... கொஞ்சம் கூடவே வெந்துடுச்சு. பரவாயில்ல.

சுகுமாறன்: அம்மா, பதில் சொல்லிட்டுச் சாப்பிடுங்க.

அம்மா: பவுனம்மா மகன் திருச்செல்வம் எங்க வேலை செய்யறான்?

சுகுமாறன்: அவனா... ஏதோ கவர்மெண்ட் வேலை.

அம்மா: ரிஷி இருந்த ஜெயில்லதான், வார்டர். மொத தீபாவளிக்கு முன்னாடியே வந்து எங்கிட்ட சொல்லிட்டான்.

லோகேஸ்வரி: அம்மா!

அம்மா: கோயிலுக்குன்னு சொல்லிட்டுக் கொமுட்டர் ரயில் ஏறுவேன். பத்துமலைக்குப் போனதில்ல. அங்கதான் போனேன், அவனைப் பாக்க.

லோகேஸ்வரி: முதல் சனிக்கிழமையா... அண்ணே? நீ அங்க அம்மாவைப் பாத்ததே இல்லையா?

சுகுமாறன்: பாஸ்... இங்க இன்னும் கொஞ்சம் தண்ணி.

அம்மா: அந்தப் பேரீச்சம்பழத்தை ஒரு தடவை அவனுக்கே எடுத்துட்டுப் போனேன். வாசல்லயே நிறுத்திட்டாங்க. வெளிச் சாப்பாடு உள்ள போகாதாம். உள்ள போனவங்களுக்குத் தெரியும்.

லோகேஸ்வரி: ஒரு தடவைகூடவா போகல? இளைச்சிருந்தான்னு சொன்னியே...

சுகுமாறன்: போனேன் லோகா. ஒரு தடவை... கார் நிறுத்துற இடம் வரைக்கும். ரொம்ப நேரம் காருக்குள்ளயே உக்காந்திருந்தேன். கதவைத் திறக்க முடியல.

அம்மா: தெரியும். பெஞ்சில இருந்து உன் காரைப் பாத்தேன்டா. நீ இறங்கி வருவேன்னு பக்கத்துல என் பையை வச்சு உனக்கும் இடம் பிடிச்சு வச்சிருந்தேன்.

சுகுமாறன்: அம்மா...

அம்மா: சாப்பிடு. சிக்கன் ஆறுது.

லோகேஸ்வரி: ஏம்மா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

அம்மா: எனக்காகன்னு நீங்க ஒண்ணு கட்டி வச்சிருக்கீங்க. அதை எப்படிக் கலைக்கறது? ரிஷி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து சிரிப்பான். “இந்த மாசம் என் கப்பல் எங்கம்மா நிக்குது”ன்னு கேப்பான். சுகு என்ன சொன்னானோ அதைச் சொல்லுவேன்.

சுகுமாறன்: அவனுக்கு... நான் வரலன்னு...

அம்மா: உன்னைப் பத்தி ஒரு நாளும் குறை சொன்னதில்ல. அண்ணன் காரோட நிறம் மாத்திட்டானான்னு மட்டும் ஒரு தடவை கேட்டான். ஜன்னல் வழியா பாத்திருப்பான் போல.

லோகேஸ்வரி: அப்ப வேண்டுதல், அம்மா? இன்னும் ஒரு மாசம் இருக்கே... அதுக்குள்ள ஏன் மீன் சாப்பிடறீங்க?

அம்மா: அடுத்த மாசம்னு சொல்றது உன் அண்ணன். நல்லா நடந்துக்கிட்டான்னு முன்னாடியே விட்டுட்டாங்க. புதன்கிழமை காலையில, நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் வந்து வாசப்படி மிதிச்சான்; ராத்திரிக்குப் பவுனம்மா வீட்டுல படுத்துக்கறான். அப்ப போன்ல கூப்பிட்டது பவுனம்மா இல்ல... ரிஷிதான். அஞ்சு பேருக்குச் சோறு வைக்கறானாம், தண்ணி அளவு கேட்டான். அஞ்சு யாருடான்னேன்... நம்ம நாலு பேரும், அக்கா கட்டிக்கப்போறவரும்னான். ஒளிச்சு வைக்க வேணாம், அவரு முன்னாடி வந்து தானே சொல்லிடறானாம். அப்புறம் கேட்டான்... “அண்ணன் இன்னிக்காச்சும் கார்ல இருந்து இறங்குவாராம்மா?”