கறுக்காத கத்தி

பழைய மடக்குக்கத்தி ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் முனையைத்தான் தொட்டுப் பார்க்கிறார்கள். தேவையில்லாத வேலை, சார். கூர் என்பது தீட்டினால் வந்துவிடும். என்ன ஸ்டீல் என்பதுதான் முக்கியம்.

என் பெயர் தங்கதுரை. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ஓசூருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. கியர், ஷாஃப்ட் போன்ற பாகங்களை உலையில் சூடேற்றிக் கடினமாக்கிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. வருகிற துண்டு என்ன ஸ்டீல் என்று தெரியாமல் உலையில் வைக்க முடியாது. அதைச் சொல்வதுதான் என் வேலை. கிரைண்டிங் வீலில் வைப்பேன், பறக்கும் பொறியைப் பார்ப்பேன், சொல்வேன். கார்பன் ஸ்டீல் என்றால் பொறி பூப்பூவாக வெடிக்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் குட்டையாக, மங்கலாக விழும். நான் சொன்னதை யாரும் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை.

பூபதி பர்ச்சேஸில் இருந்தவர். முப்பத்திரண்டு வயது. நல்ல மனிதர் என்றுதான் இப்போதும் சொல்வேன். ஸ்டீலைச் சோதிக்க ஒரு மெஷின் வாங்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மெஷின் வந்தால் நான் ஸ்டோர்ஸில் சாக்கு எண்ண வேண்டியதுதான். "தங்கதுரை தப்பா சொன்னதை ஒரே ஒரு தடவை காட்டு, வாங்கலாம்" என்றாராம் மேனேஜர். அது நியாயமான பதில்.

2004 மே மாதம் பூபதி ஒரு கத்தியைக் கேன்டீனுக்குக் கொண்டுவந்தார். பழைய இரும்புக்கடை கரியப்பனிடம் வாங்கியது. மான்கொம்புக் கைப்பிடி. அலகின் அடியில் இருந்த முத்திரை தேய்ந்துபோயிருந்தது. எப்படியும் அறுபது வருடக் கத்தி.

"என்ன ஸ்டீலுங்ணா இது? வீல்ல மட்டும் வெச்சிடாதீங்க. பழைய பொருள், மதிப்பு போயிடும்."

சாவிக்கொத்தில் இருந்த காந்தத்தைக் காட்டினேன். ஒட்டியது. "கார்பன் ஸ்டீல்" என்றேன். பத்துப் பேர் கேட்டார்கள்.

"காந்தம் ஒட்டுற ஸ்டெயின்லெஸ்ஸும் இருக்குதுங்களேண்ணா. கத்திக்கு அதத்தான போடுவாங்க?"

அது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு மறந்துவிட்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். மறக்கவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

மறுநாள் நானே ஒரு சோதனை சொன்னேன். கார்பன் ஸ்டீல் புளிப்பு பட்டால் கறுத்துவிடும். ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குகிற யாருக்கும் இது தெரியும். ஒரு கிளிமூக்கு மாங்காயில் கத்தியைச் செருகி, காலை ஷிப்ட் முழுக்கக் கேன்டீன் மேஜையில் வைத்தோம். உருவியபோது அலகு பளிச்சென்று இருந்தது.

"அண்ணனுக்கு மாங்காயே துரோகம் பண்ணிடுச்சுப்பா" என்றான் லேத் ஓட்டுகிற கோவிந்தன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாங்காய் செங்காயாகிவிட்டிருந்தது, புளிப்பு போதவில்லை.

பூபதி கத்தியைப் பெங்களூரில் ஒரு லேபுக்குக் கொடுத்தார். சனிக்கிழமை கத்தியும் ரிப்போர்ட்டும் திரும்பி வந்தன. பதிமூன்று சதவீதம் குரோமியம். ஸ்டெயின்லெஸ். திங்கட்கிழமை மேனேஜரிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, மூக்கண்டப்பள்ளியில் அவர் குடியிருந்த மாடி வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மேகலா நாகரசம்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தாள். விசாரித்துக்கொண்டுதான் போனேன். சோதனையின்போது இடைஞ்சல் இருக்கக் கூடாது.

"வாங்கண்ணா. எங்க எம்மேல கோபமோன்னு நினைச்சேன். காபி போடட்டுங்களா?"

"கோபமெல்லாம் இல்லப்பா. அந்தக் கத்திய ஒரு தடவ குடு."

கைப்பிடி என் பக்கம் வரும்படி திருப்பிக் கொடுத்தார். நல்ல பழக்கம்.

ரத்தத்தில் உப்பு இருக்கிறது, சார். கார்பன் ஸ்டீலை அது மாங்காயைவிடச் சீக்கிரம் கறுக்க வைக்கும். வலது விலாவுக்குக் கீழே செருகினேன். அவர் வாயில் என் தோள்துண்டை அழுத்தியிருந்தேன். ஸ்டூல் உருண்டது.

"ஏனு சப்த அது?" என்று கீழ்வீட்டு மாரம்மா கன்னடத்தில் கேட்டார்.

"ஏனூ இல்லம்மா, பாத்ரெ பித்து" என்றேன். பாத்திரம் விழுந்தது என்றதும் அவர் டிவி பார்க்கப் போய்விட்டார்.

கத்தியை உடனே உருவவில்லை. கறுப்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்தேன். கத்துகிற அளவுக்கு அவருக்கு மூச்சு இல்லை என்று தெரிந்ததும் துண்டை எடுத்துவிட்டேன். இருபது நிமிடம், அவர் வீட்டுச் சுவர்க்கடிகாரத்தின்படி.

"நீங்க சொன்னதே சரிங்ணா" என்றார் பூபதி. "கார்பன்தான். நான் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன். ரிப்போர்ட்ட கிழிச்சிடலாங்ணா."

அது பயத்தில் சொன்னது. பயத்தில் சொல்வதை நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை.

தண்ணீர் கேட்டார். இரண்டு முறை கேட்டார். கொடுக்கவில்லை. இரைப்பையில் அமிலம் இருக்கிறது, தண்ணீர் போனால் நீர்த்துவிடும். அடுத்த சோதனைக்கு அது எனக்கு வேண்டியிருந்தது.

இருபது நிமிடம் கழித்து உருவித் துடைத்தேன். அலகு பளிச்சென்று இருந்தது. அதனால் வயிற்றில் செருகினேன். இந்த முறை நாற்பது நிமிடம். பாதியிலேயே அவர் இறந்துவிட்டார். நான் நேரத்தைக் குறைக்கவில்லை. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முனைக்குப் பக்கத்தில் லேசாக ஒரு கறுப்பு தெரிந்தது. உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பழகிய கண்ணுக்குத் தெரியும்.

கத்தியோடு ஸ்டேஷனுக்கு நானேதான் வந்தேன். ஓடுகிறவன் தப்பு செய்தவன். அரசாங்க லேபில் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டதும் நான்தான்.

இன்று அந்த ரிப்போர்ட்டைக் காட்டுகிறீர்கள். இதிலும் பதிமூன்று சதவீதம் குரோமியம் என்றுதான் அடித்திருக்கிறார்கள். சரி. பூபதியைக் கொன்றது நான்தான், அதில் எனக்கு மறுப்பு எதுவும் கிடையாது. கோபத்தில் செய்யவில்லை என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறவருக்கு வீடு எங்கே, சார்?