சேனையில் கட்டிய துவக்கு

திகதி 1986 பெப்ரவரி 17, மு.ப. 9.40. பெயர்: ஜுனைதீன் ஸுலைஹா. வயது: 34. தொழில்: சேனைச் செய்கை. விலாசம்: குளத்தடிச் சேனை, லக்கல. பொலிஸ் உத்தியோகத்தரிடம் தமிழில் கூறுவதாவது:

நான் மேற்படி விலாசத்தில் என் கணவர் ஜுனைதீனுடன் பதினாறு வருடமாக வசித்து வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காடு வெட்டிய சேனை நிலம் இரண்டு ஏக்கரில் சோளமும் குரக்கனும் செய்கிறோம். காட்டுப்பன்றி வந்து பயிரை அழிப்பதால் போன வருடம் கணவர் தன் வாப்பாவின் பழைய துவக்கைப் பன்றி வரும் பாதையில் கட்டி, தட்டினால் வெடிக்கும்படி குறுக்கே கயிறு இழுத்து வைத்தார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்து உதவியது நான். துவக்குக்கு அனுமதிப்பத்திரம் இல்லை. அதில் பக்கத்துச் சேனைக்காரரின் பசு ஒன்று பட்டுச் செத்தது. அதன் பின்னர், இனிக் கட்டுவதில்லை என்று கணவர் துவக்கைக் கூரைக்குள் செருகி வைத்தார்.

இம்மாதம் 5ஆம் திகதி அவரை மலேரியாக் காய்ச்சலுக்காக மாத்தளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்கு முதல் நாள் எங்களுக்குள் வாய்த்தர்க்கம் நடந்தது. அவர் இல்லாத நேரம் நான் துவக்கைக் கட்டுவேன் என்றேன். அவர் கூடாது என்றார். நான் சத்தம் போட்டேன். அப்போது கணவரின் மூத்த சகோதரர் புஹாரி வாசலில் நின்றார். அந்தச் சண்டை நடந்ததாக அவர் தங்களிடம் கூறியது சரி. நான் கணவரைக் கொல்லத் திட்டமிட்டேன் என்று அவர் கூறியது சரியல்ல.

9ஆம் திகதி நான் பஸ்ஸில் போய்க் கணவரைப் பார்த்தேன். கொண்டுபோன சோற்றில் பாதியை என்னைச் சாப்பிட வைத்த பின்னரே அவர் கை வைத்தார். சனிக்கிழமை டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றார். தனியாக இருக்கப் பயமா என்று கேட்டார். முதல் நாள் இரவு சேனைக்கு யானை வந்தபோது டோர்ச்சில் பெற்றரி இருக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

அதன் பின்னர் 11ஆம், 12ஆம் திகதிகளில் பன்றிகள் வந்து சோளத்தில் மூன்றில் ஒரு பங்கை அழித்தன. 13ஆம் திகதி வியாழக்கிழமை பி.ப. 5.30 மணியளவில் நான் துவக்கை எடுத்து வெடிமருந்து இடித்து அதே பாதையில் கட்டினேன். கணவர் சனிக்கிழமை வருமுன் அவிழ்த்துவிட எண்ணியிருந்தேன்.

6.15 மணியளவில் வெடி கேட்டது. பன்றி என்று நினைத்துப் போனேன். கணவர் இடது தொடையில் காயத்துடன் கிடந்தார். முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டு இரண்டு நாள் முந்தி வந்ததாகவும், களைப்பினால் குறுக்குப் பாதையில் ஏறியதாகவும் சொன்னார். அவருடைய பையில் மருந்துப் பொட்டலமும் டோர்ச் பெற்றரி இரண்டும் இருந்தன. கட்டியது நான் என்று அவரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "இத யார்ட்டயும் சொல்லாத புள்ள" என்றார்.

அதன் பின்னர் அயலவர் ஸக்கரியா வெடிச்சத்தம் கேட்டு உழவு இயந்திரத்துடன் வந்தார். நான் அதன் இழுவைப் பெட்டியில் ஏறிக் கணவரின் தலையை மடியில் வைத்திருந்தேன். கணவர் அவரிடம், "நான் ஆஸ்பத்திரிக்குப் போக முந்தி கட்டி வச்சது நான்தான், ஸக்கரியா நானா. அவுக்க மறந்துட்டேன். இவவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். நான் பேச வாயெடுத்தபோது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். சிறிது தூரம் போனதும் தண்ணீர் கேட்டார். தண்ணீர் இருக்கவில்லை. நான் கலிமா சொன்னேன், அவரும் கூடவே சொன்னார். பாலத்துக்கு வருமுன் பிடி தளர்ந்தது.

ஸக்கரியா நானா பொய் சொல்லவில்லை. காதால் கேட்டதையே தங்களிடம் கூறியிருக்கிறார். அதுவே நின்றால் என்னை விட்டுவிடுவார்கள் என்று சட்டத்தரணி கூறினார். பதினாறு வருடத்தில் என் கணவர் யாரிடமும் பொய் சொல்லி நான் அறியேன். எனக்காகச் சொன்ன ஒரு பொய்யுடன் அவர் அல்லாஹ்விடம் போயிருக்கிறார். அதை அவர் மேல் விட்டுவைக்க எனக்கு மனமில்லை. துவக்கைக் கட்டியது நான். அவர் அன்று வருவார் என்று எனக்குத் தெரியாது.

எழுதியதை உத்தியோகத்தர் எனக்கு இருமுறை வாசித்துக் காட்டினார். நான் சொன்னவாறே இருக்கிறது, முழுவதும் உண்மை. எவரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்) ஜு. ஸுலைஹா