ஹேமாவதியின் நிக்கல் பொடி

உங்க ஸ்டேஷன் ஃபேன் ரொம்ப சத்தம் போடுது சார். பேரிங்ல கொஞ்சம் எண்ணெய் விட்டா அடங்கிடும். எண்ணெய்தான் எனக்குத் தொழில், அதான் காதுல பட்டுது.

"ஆக்சிடென்ட்னு மூடின கேஸுக்கு நீங்களா வந்து நிக்கிறீங்களே, இன்னா விஷயம்"னு கேட்டீங்க. நியாயமான கேள்வி. சொல்றேன், எழுதிக்குங்க.

பேரு குணாளன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில ஒரு ஆராய்ச்சிக்கூடம், அதுல வினையூக்கிப் பிரிவுக்கு நான்தான் தலை. சில கிணத்துல கச்சா எண்ணெய் தார் மாதிரி இறுகிக் கெடக்கும், பம்பு போட்டாலும் ஏறாது. நீராவியோட ஒரு உலோகப் பொடியை உள்ளே அனுப்பினா இளகி மேல வரும். அந்தப் பொடியைத்தான் தலை நரைக்கிற வரைக்கும் தேடினேன். எனக்கு ஒவ்வொரு தடவையும் கட்டிதட்டிப் போச்சு.

என் பிரிவுல புதுசா சேர்ந்த ஹேமாவதி ஊத்துக்கோட்டைலேர்ந்து பஸ் மாறி வருவா. சேர்ந்த வருஷமே அவ செஞ்ச நிக்கல் பொடி வேலை செஞ்சுது, தார் தண்ணியா ஓடுச்சு. பொறாமையெல்லாம் எனக்குக் கிடையாது சார். குருட்டு அதிர்ஷ்டம்னு விட்டிருப்பேன். ஆனா எம்.டி. எதிர்ல எழுந்து நின்னு, "எல்லாம் குணாளன் சார் சொல்லிக் குடுத்ததுதான்"னா பாருங்க. நான் ஒரு மண்ணும் சொல்லிக் குடுக்கல. அது அங்க எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் கை தட்டினானுங்க. வயிறு எரிஞ்சுக்கினே வந்து உக்காந்தேன்.

அந்தப் பொடி தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும் சாது. காஞ்சு காத்து பட்டா தானே பத்திக்கும். அதனால எங்க லேப்ல ஒரு வழக்கம். சாப்பாட்டுக்குக் கடைசியாப் போறவங்க எல்லா பாட்டில்லயும் தண்ணி பார்த்து ஊத்திட்டுத்தான் போவணும். ஊத்திட்டேன்னு வாயால சொன்னாப் போதும், யாரும் திருப்பிப் பார்க்க மாட்டாங்க. பாட்டிலும் பழுப்புக் கண்ணாடி, உள்ள தெரியாது.

அன்னிக்குக் கடைசி ஆள் நான். "சார், என் பாட்டிலையும் பார்த்துடுங்க, காலைல நாஷ்டாகூட துன்னல"ன்னு வாசல்லேர்ந்து சொன்னா. நீ போம்மா, நான் பார்த்துக்கறேன்னேன். பார்த்தேன். தண்ணி நிறையவே இருந்துச்சு. சொட்டு விடாம வடிச்சு மூடிட்டேன். கழுவுற ஸ்பிரிட் கேனை அவ உக்கார்ற பக்கமாத் தள்ளி வெச்சேன். அவ திரும்பி வந்ததும், ஊத்திட்டேம்மான்னு சொன்னேன். "தேங்க்ஸ் சார்"னு சொல்லிக்கினே மூடியைத் திறந்தா.

பொடியைக் கெடுக்கத்தான் செஞ்சேன்னு கொஞ்ச நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். ஆனா எப்பவும் பாட்டில் திறந்து குடுக்கிற மோசஸை அன்னிக்குக் கவரைப்பேட்டைக்குத் துரத்திவுட்டேனே, அது எதுக்கு? அவன் புள்ளகுட்டிக்காரன், பாவம். அவன் மேல எனக்கு இன்னா கோவம்? கொல்லணும்னுதான் செஞ்சேன் சார்.

ஆஸ்பத்திரியில மாஜிஸ்திரேட் வந்து கேட்டப்போ, "நான்தான் தண்ணி ஊத்த மறந்துட்டேன், யார் மேலயும் தப்பில்ல"ன்னு சொல்லிட்டு செத்துட்டா. நான் ஊத்திட்டேன்னு சொன்னது அவ காதுல நல்லா விழுந்துச்சு. தெரிஞ்சேதான் சொல்லியிருக்கா. ஊர் பூரா இப்ப இன்னா பேசிக்குது தெரியுமா? ஹேமாவதி மறந்துட்டா, ஹேமாவதி கையாலேயே பத்திக்கிச்சுன்னு.

அதை எப்படி சார் பார்த்துக்கினு சும்மா இருக்கிறது? பொடிதான் அவளோடதுன்னு போச்சு. இது முழுசும் நான் யோசிச்சு நான் செஞ்ச வேலை. இதுல அவ பேரைச் சேர்க்காதீங்க.