நகல் எடுக்காத படம்

என் மேசையில் தூசி இருக்காது, ஐயா. கடைக்கு ஆள் அனுப்பிப் பாருங்கள். வயர்களை நிறம் பார்த்துக் கட்டியிருப்பேன். ஒவ்வொரு மெமரி கார்டும் பெயர் எழுதிய உறையில் இருக்கும். அழிந்துபோன படங்களை மீட்டுக் கொடுப்பது என் தொழில். பதினொரு வருஷத்தில் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

கிளிட்ச், அதாவது கெட்டுப்போன படத்தையே கலையாக மாட்டுவது, எனக்குத் தற்செயலாக வந்தது. பாதி மட்டும் மீண்ட ஒரு பள்ளிக்கூட குரூப் போட்டோவில் ஒரு வரிசைத் தலைகள் பட்டை பட்டையாக நழுவி, டீச்சரின் நீலம் பெஞ்சு முழுக்க வழிந்திருந்தது. போன் ரிப்பேருக்கு வந்த, ஓவியக் கேலரி நடத்தும் ஒருவர் திரையைப் பார்த்து அசந்துவிட்டார்.

"யார் பண்ணது இது?"

"தானா கெட்டுப்போச்சு சார்."

"கெட்டதுதான்யா கலை. இந்த மாதிரி இருபது குடு, சுவர் முழுக்க மாட்டிடலாம்."

நகல் எடுத்து, நகலைக் கெடுத்துப் பார்த்தேன். ஃபைலை எழுத்துகளாகத் திறந்து நடுவில் நாலு வரி அழித்தால் படம் உடைந்துவிடும். அவர் உதட்டைப் பிதுக்கினார். "நல்லது ஒண்ணு பத்திரமா இருக்குன்னா இது வெறும் டிசைன், தம்பி. இழப்பு எங்க?"

நியாயமான கேள்வி. அதற்கப்புறம் நான் நகல் எடுக்கவில்லை.

பத்தொன்பது படங்கள் அப்படிச் சேர்ந்தன. கார்டு கொடுத்தவர்களிடம் "படம் வரலீங்க" என்றேன். எல்லாரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். யாரிடமும் கூலி வாங்கவில்லை. வாங்கினால் அது தப்பு.

இருபதாவது அக்காவுடையது. அத்தான் இறந்து ஒரு வருஷம். தண்ணீரில் விழுந்த அவர் போனின் கார்டைக் கொண்டுவந்தாள்.

"அவரு பாப்பாவைத் தூக்கி வச்சிருக்கிற படம் இது ஒண்ணுதான்டா. அப்பா என்னைத் தூக்குனாரான்னு நாளைக்குக் கேட்டா, காட்டணும்ல."

இடுப்பிலிருந்த பாப்பா என் ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கினாள். "மாமன் கடைய இவதான் நடத்தப் போறா" என்று அக்கா சிரித்தாள்.

அரை மணி நேரத்தில் படம் முழுசாக வந்துவிட்டது. ஒரு புள்ளி குறையவில்லை. அத்தான் சிரிக்கிறார், மஞ்சள் சட்டை போட்ட பாப்பா அவர் மூக்கைப் பிடித்திருக்கிறாள். எல்லார் வீட்டிலும் இருக்கிற மாதிரிப் படம். மூன்று வரி அழித்தேன். அத்தான் முகம் ஊதாப் பட்டைகளாகச் சிதறியது. மஞ்சள் கை மட்டும் எதையோ பிடித்தபடி நின்றது. கார்டையும் துடைத்தேன். யாராலும் மீட்க முடியாதபடி துடைக்க எனக்குத் தெரியும்.

"வரலக்கா."

"நீ என்னடா பண்ணுவ, பாவம்" என்று என் தலையைத் தடவினாள்.

கண்காட்சியில் அந்தப் படம் ஒரு நூல் சாய்ந்திருந்தது. ஆணியைப் பிடுங்கி மறுபடி அடிக்கச் சொன்னேன். பிழை எனக்குப் பிடிக்காது. அக்காவை நான்தான் அழைத்தேன். அந்த மஞ்சள் சட்டை அவள் பின்னியது. படத்தின் முன்னால் ஒரு மணி நேரம் நின்றாள். முகம் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு நேரம் வேறு யாரும் நிற்கவில்லை. அவளுக்கு இத்தனை ரசனை இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அங்கிருந்து நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தாள் என்று பிறகுதான் தெரிந்தது.

சான்றுப் பொருளாக அந்தப் படத்தை எடுத்து வந்திருக்கிறீர்களாம். வெயில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள், ஐயா. அதற்கு வேறு நகல் கிடையாது.