கரண்டிவாய் உள்ளான்

சார், உங்கள் மூக்குக்கண்ணாடி இடப்பக்கம் சரிகிறது. திருகு தளர்ந்திருக்கும். கழற்றிக் கொடுத்தால் பேசிக்கொண்டே நகத்தால் முடுக்கிவிடுவேன். ஊருக்கே கண் பரிசோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுபவன் நான். அதனால்தான் மச்சான் சொன்னது அவ்வளவு உறைத்தது.

வசந்தத்தில் வடக்கே திரும்பும் கரைப்பறவைகள் ஏரிப் பூங்காவில் இறங்கிச் சேற்றைக் கிளறும். நாங்கள் ஏழெட்டுப் பேர், வேலைவெட்டி இல்லாதவர்கள்போல, பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்போம். போன ஞாயிறு நான் கரண்டிவாய் உள்ளானைக் கண்டேன். அலகு நுனி கரண்டிபோல் அகன்றிருக்கும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். நான் குதிக்காத குறை. எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த மச்சான், என் மனைவியின் அண்ணன், தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தார்.

“அலகுல சேறு ஒட்டியிருக்கு மாப்ளே. முதல்ல உங்க கண்ண செக் பண்ணுங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மற்றவர்களைவிட நான்தான் அதிகம் சிரித்தேன். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. “அண்ணன் சும்மா விளையாட்டுக்குச் சொன்னாரு. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்களா?” என்றாள் மனைவி. ஐம்பது வயதில் ஒரு குருவிக்காகக் கோபித்துக்கொண்டு படுத்தவன் நான். நீங்களும் சிரிக்கலாம்.

இன்று காலை நாங்கள் இருவர் மட்டும். அதே பறவை, அதே இடம். நடந்து வந்ததில் வியர்த்தது. கோட்டைக் கழற்றி அங்கே நின்ற பலகையில் மாட்டினேன். அது புதைசேறு எச்சரிக்கைப் பலகை என்பது உண்மைதான். கோட்டு மாட்ட வேறு வசதி இல்லை.

மச்சான் கேமராவை எடுத்தார். “கிட்டப் போய் ஒரு படம் எடுத்துட்டா சண்டை தீந்துடும். தரை தாங்குமா மாப்ளே?”

“பறவையே நடக்குதே மச்சான்.”

பொய் இல்லை சார். நடந்துகொண்டுதான் இருந்தது. போன வருடம் அதே இடத்தில் தொடைவரை புதைந்து, தோட்டக்காரர் கயிறு போட்டு இழுத்ததில் ஒரு ஷூவை ஏரிக்குத் தானம் செய்தவன் நான். அதைப்பற்றி அவர் கேட்கவில்லை.

இடுப்புவரை இறங்கியதும் கூப்பிட்டார். கயிறு பெஞ்சுக்குப் பின்னால்தான் தொங்கியது. ஆனால் பறவை அப்போதுதான் என் பக்கம் திரும்பியது. “கத்தாதீங்க மச்சான், பறந்துடும்” என்றேன். அவர் திமிறித் திமிறித் தண்ணீரில் குப்புற விழுந்த பிறகு பார்ப்பதற்கு வசதியாக இருந்தது. என் மனைவிக்கு ஒரே அண்ணன். எனக்கும் வருத்தம்தான்.

பறவை மெல்ல என் முன்னால் வந்து அலகைத் தண்ணீரில் முக்கி எடுத்தது. சேறு கரைந்துபோனது. சாதாரண உள்ளான்.

இந்தாருங்கள், கண்ணாடி இனிச் சரியாது. கோட்டு, கயிறு, நான் சொன்னது, சொல்லாதது எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் கொன்றேன், கையெழுத்துப் போடுகிறேன். பறவையை மட்டும் கரண்டிவாய் என்றே போட்டுவிடுங்கள் சார். பெஞ்சுக்காரர்கள் படித்தால் சிரிப்பார்கள்.