மூன்று நாள் தண்ணீர்

மரவள்ளிக் குச்சியைச் சாய்த்துத்தான் நட வேண்டும். நேராக நட்டால் கிழங்கு ஆழத்துக்கு இறங்கிவிடும்; பிடுங்கும்போது பாதியில் ஒடியும். கணு மேலே பார்த்து இருந்தால் போதும். மற்றதை மழை பார்த்துக்கொள்ளும். ரிங்லெட் டவுனுக்கு மேலே, இந்த மலையில், மழைக்குக் குறைவில்லை.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

என் பெயர் யோகேஸ்வரி. வயது ஐம்பத்து நான்கு. முப்பத்தோரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளினேன். முழங்கால் போனதும் நின்றுகொண்டேன். என் தம்பி குகனேஸ்வரனுக்கு முப்பத்தாறு. அதே தோட்டத்தில் லோரி ஓட்டினான். அவனுக்கு நான்கு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்னால். அதன் பிறகு என்னைப் பெண் பார்க்க இரண்டு குடும்பம் வந்தது. பையனை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எங்களுக்கு இருந்தது தோட்டம் கொடுத்த லயத்து வீடு. இரண்டு அறை, பின்னால் ஒரு சரிவு. சரிவில் அம்மா வெட்டிய பாத்திகள் ஏழு, படிபோல ஒன்றின்மேல் ஒன்றாக. இந்தக் குளிருக்குக் கருவேப்பிலை வராது என்பார்கள். அம்மா அதை அடுப்புச் சுவரின் வெளிப்பக்கம் ஒட்டி வைத்தாள். சுவர்ச் சூட்டில் வந்தது. கோழி எருவை ஆறு மாதம் ஆறப்போட்டுத்தான் போடுவாள். வேலி ஓரம் முழுக்கக் கசப்பு மரவள்ளி. காட்டுப் பன்றி அதைத் தொடாது. திருடுகிறவனும் ஒரு தடவைக்கு மேல் திருட மாட்டான்.

அதைத் தின்னலாம். அதற்குச் செய்முறை உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் போனபோது எங்கள் ஆட்களை உயிரோடு வைத்தது அந்தக் கிழங்குதான். தோல் சீவி, துண்டு போட்டு, மூன்று நாள் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். பிறகு பிழிந்து, காயவைத்து, இடித்து, புட்டு அவிக்கலாம். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டால் அந்த லேசான புளிப்பு நன்றாக இருக்கும். குகனுக்கு அது என்றால் உயிர்.

அம்மா எங்களுக்குச் சொன்ன செய்முறையில் உப்பு எவ்வளவு என்பது கிடையாது. மூன்று நாள் என்பது உண்டு. சின்னையா உண்டு. சின்னையா அம்மாவின் தாய்மாமன். பசி தாங்காமல், ஒரு நாள் ஊறலிலேயே மாதக்கணக்கில் தின்றவர். அதன் பிறகு சாகும்வரை குதிகால் தரையில் படாமல், இரண்டு முழங்காலும் உரச, குச்சி பிடித்து நடந்தார். கருவாடு கிடைத்த வீட்டில் யாருக்கும் கால் போகவில்லை என்றும் அம்மா சொல்லியிருக்கிறாள்.

"தண்ணி மாத்துடி. சின்னையா காலாயிடும்" என்பாள்.

எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். எனக்குத் தெரியும்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குகன் ஷெர்லியைச் சாப்பிட அழைத்து வந்தான். அவள் ரிங்லெட்டில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். கிறிஸ்தவப் பெண். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தாள்.

"அக்கா, சிங்கப்பூர் போர்ட்ல லோரிக்கு ஆள் எடுக்கறானுங்க. கூட ஓட்டற மகேன் சொன்னான்" என்றான் குகன்.

"இங்க நீ ஓட்டறது லோரி இல்லாம என்னடா?"

"இது லோரியா? பிஸ்கட் டின் லா. பிரேக் மிதிச்சா ஹார்ன் அடிக்குது."

ஷெர்லி சிரித்தாள். அவன் அவளைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்.

"நீயும் வாக்கா. ஜோகூர்ல வீடு எடுக்கலாம். நீயும் இவளும் இருங்க. நான் தினம் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய்ட்டு வந்துடறேன்."

"பாத்தி?"

"சட்டியில வச்சுக்க. பல்கனி இருக்கும்ல."

தோட்டத்தில் ஒரு விதி உண்டு. குடும்பத்தில் ஒருவராவது வேலையில் இருக்கும்வரைதான் வீடு. அவன் நின்றால் மூன்று மாதத்தில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நான் அந்த வாரமே அறை தேடிப் போனேன். கீழே பள்ளத்தாக்கில், லெம்பா பெர்த்தாமில் ஒன்று காட்டினார்கள். சுவரில் பழைய வெள்ளத்தின் சேற்றுக்கோடு என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. வாசல் முழுக்க சிமெண்டு. ரிங்லெட்டில் ஒன்று கடைக்கு மேலே. ஜன்னலைத் திறந்தால் அடுத்த சுவர். நான் வீட்டுக்கு வந்து ஏழு பாத்தியிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்தேன். யாரும் பார்க்கவில்லை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மனிடம் கேட்டேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவன் இருந்துவிடுவான், பிறகு ஒருநாள் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும் என்று நினைத்தேன்.

நவம்பரில் நேர்முகத் தேர்வு. அதற்கு முந்தின நாள் புட்டு அவித்தேன். மூன்று நாளை ஒரு நாளாக்கியிருந்தேன். நான் எதையும் சேர்க்கவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். விஷம் வைத்தேன் என்று உங்கள் தாளில் இருக்கிறது. எங்கள் வீட்டில் விஷம் எதுவும் இருந்ததில்லை. எலிக்குக்கூடப் பொறிதான். நான் ஒன்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான்.

அவன் வாந்தி எடுத்தான். தலை சுற்றியது. பஸ்ஸை விட்டுவிட்டான். நான் இஞ்சி தட்டி, ஓமம் வறுத்துப் போட்டுக் கஷாயம் வைத்தேன். அதுவும் அம்மாவின் செய்முறைதான். மறுநாள் எழுந்துவிட்டான்.

"உன் கையில மருந்து இருக்குக்கா" என்றான்.

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கம்பெனி மறுபடியும் கூப்பிட்டது. போய்விட்டு வந்தான். மார்ச் முதல் தேதி சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. வேலை கிடைத்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அவன் நேர்ந்திருந்தான். டிசம்பர் நடுவில் மாலை போட்டான். நாற்பத்தெட்டு நாள் விரதம்.

விரதக்காரன் வெளியில் சாப்பிட மாட்டான். குளித்துவிட்டு, சுத்தமாக, வீட்டு அடுப்பில் சமைத்ததைத்தான் சாப்பிடுவான். மீன் இல்லை, முட்டை இல்லை. ஷெர்லி கொடுத்த பிஸ்கட்டைக்கூட அவன் தொடவில்லை. நாற்பத்தெட்டு நாளும் என் கையால் மட்டும்தான்.

நான் வேலி ஓரத்திலிருந்து வரிசையாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். பருப்பையும் குறைத்தேன். காவடி எடுக்கிற உடம்பு லேசாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் நம்பினான். ஏன் நம்பமாட்டான்?

"கசக்குதுக்கா."

"விரத நாக்குடா. அப்படித்தான் இருக்கும்."

கொஞ்ச நாள் தலைவலி என்பான். படுத்துவிட்டு எழுந்து வேலைக்குப் போவான். ஜனவரியில் ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, என் கால் என்னமோ மத்தவன் கால் மாதிரி இருக்கு."

"உடம்பு இளைக்குதுல்ல."

"முருகன் டெஸ்ட் வைக்கிறான் போல."

"வைப்பான். நீ பாஸ் பண்ணு."

அவன் சிரித்தான். நான் நல்லெண்ணெய் காய்ச்சி இரண்டு காலுக்கும் தேய்த்துவிட்டேன். கெண்டைச்சதை கயிறு மாதிரி முறுக்கியிருந்தது. குழந்தையில் அவனுக்கு எண்ணெய் தேய்த்தவளும் நான்தான். கூச்சத்தில் உதைப்பான். அன்று உதைக்கவில்லை.

நிறுத்தியிருக்கலாம். அன்று நிறுத்தியிருந்தால் சரியாகியிருக்கும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். டாக்டரும் அதையே சொல்கிறார். கடிதம் மார்ச் ஒன்று என்று சொன்னது. நான் நாட்களைத்தான் பார்த்தேன். சின்னச் சுகவீனம் என்றால் தள்ளிப் போடுவான். தள்ளிப் போட்டதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். தள்ளிப் போட முடியாதபடி ஏதாவது வேண்டியிருந்தது.

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது லோரியிலிருந்து இறங்க வந்தவன் இறங்க முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முதுகெலும்பைப் படம் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. என்ன சாப்பிடுவான் என்று டாக்டர் கேட்டார். எல்லாம் சாப்பிடுவான் என்றேன்.

தைப்பூசத்தன்று அவன் பெயருக்கு ஷெர்லி பால்குடம் எடுத்தாள். அவள் வீட்டில் ஒரு வாரம் யாரும் அவளோடு பேசவில்லையாம். எனக்கு அவள்மேல் பொறாமை என்று நினைக்காதீர்கள். அவள் காலில் கொப்புளம் வந்திருந்தது. நான்தான் மருந்து போட்டேன்.

பிப்ரவரியில் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஜெகதீஸ்வரன் வீட்டுக்கு வந்தார். சாவியைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நான் வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே வரச் சொல்லவில்லை.

"மேனேஜர் துரைகிட்ட பேசிட்டேன்கா. நாத்துமேடையில வேலை. ஸ்டூல் போட்டு உக்காந்து பையில மண்ணு ரொப்பணும், அவ்வளவுதான். வீடு உங்க பேருக்கு மாறிடும்."

"என் முழங்கால்…"

"கையிலதான வேலை? ரெண்டு வருசமா ஆளில்லாம கெடக்குது. போன தீபாவளிக்கு வந்து கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன். வாயத் தொறந்து கேக்கணும்லா."

அவர் போன பிறகு வெகுநேரம் பாத்தியில் களை பிடுங்கினேன். களை அதிகம் இல்லை.

நாலு வாரம் ஆஸ்பத்திரிச் சாப்பாடு. முட்டை, மீன், பால். அவனுக்குக் கொஞ்சம் தேறியது. வீட்டுக்கு அனுப்பும்போது, பயிற்சி செய்தால் இந்த வருடக் கடைசிக்குள் லோரியில் ஏறிவிடலாம் என்று அங்கே ஒருத்தி அவனிடம் சொன்னாள். சின்னப் பெண். சிரித்துக்கொண்டே சொன்னாள். சிங்கப்பூர்க் கம்பெனியும் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறது என்று அவன் ஷெர்லியிடம் போனில் பேசியது எனக்குக் கேட்டது.

நரம்புக்குப் பத்தியம் என்றேன். கவிச்சி ஆகாது என்றேன்.

"டாக்டர் மீன் முட்டை சாப்பிடச் சொன்னாரேக்கா" என்றாள் ஷெர்லி.

"டாக்டருக்கு நரம்பு தெரியும். எனக்கு என் தம்பிய தெரியும்."

"சரிக்கா" என்றாள். மரியாதை தெரிந்த பெண்.

அவன் வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஐந்து வாரமும் நல்ல மழை. காலையில் நாற்றுமேடை, மத்தியானம் வீடு. அவனைக் குளிப்பாட்டுவேன். ஜன்னல் பக்கம் உட்காரவைப்பேன். அவரைப் பந்தல் தெரியும். நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே ஏதாவது கேட்பான். கத்தரிக்கு ஏன் சாம்பல், மிளகாய்க்கு ஏன் மோர். அதுவரை எதையும் கேட்டதில்லை.

ஈஸ்டர் ஞாயிறு ஷெர்லி கோயிலிலிருந்து நேராக வந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றாள். குகனுக்கு வைத்த புட்டுத் தட்டு அவன் முன்னால் இருந்தது. அவன் அதை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீ தின்னு. எனக்கு இது தினம் கெடைக்குது."

"ஆறிப்போச்சு, வேற தரேன்" என்றேன்.

"பரவால்லக்கா, எனக்கு ஆறினதுதான் பிடிக்கும்" என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

தட்டைத் தட்டிவிட்டிருக்கலாம். தட்டிவிட்டால் குகன் என்னை நிமிர்ந்து பார்ப்பான். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள்.

பஸ் நிற்கிற இடத்தில் விழுந்தாள். அவள் வேலை செய்கிற கிளினிக்குக்கே அவளைத் தூக்கிப்போனார்கள். அந்த டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டபோது, பதில் சொல்ல அவளுக்கு நினைவு இருந்தது. இரண்டு நாள் கழித்துக் கண் திறந்தாள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சந்தோஷம்.

உங்கள் ஆட்கள் வந்து பானையையும் மாவையும் எடுத்தபோது குகன் கட்டிலில் இருந்தான். அவனும் அம்மாவின் பிள்ளைதான். செய்முறை அவனுக்கும் தெரியும். நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

"அக்கா, தண்ணி மாத்துனியா?" என்று கேட்டான்.

நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காகத்தான் செய்தேன் என்று காலையிலிருந்து உங்களிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். நாலு சுவர், ஒரு சரிவு, அம்மா வெட்டிய பாத்தி. போக்கிடம் இல்லாத ஒருத்தி அதற்காகச் செய்தாள் என்றால் யாருக்கும் புரியும். நீங்கள் இப்போது கேட்ட தேதிகள் சரிதான். வீடு என் பெயருக்கு மாறிக் கையெழுத்தானது பிப்ரவரி பதினேழு. அவன் கைத்தடியோடு, யாரும் பிடிக்காமல், வாசலிலிருந்து கட்டில்வரை நடந்து வந்தது அதே மாதம் இருபத்தைந்தாம் தேதி மாலை. இருபத்தாறாம் தேதி காலையில் நான் கிழங்கு பிடுங்கப் போனேன்.