கோணக் கொழா

பேசினுக்கு டிக்கெட்டாம்ங்க! எனக்கு ஓசி, பேசினுக்கு டிக்கெட்டு. கண்டக்டர் சொன்னதக் கேட்டீங்கல்ல? "லேடீஸ்தாம்மா ஃப்ரீ, வாஷ்பேசின் ஃப்ரீ கெடையாது"ங்குறாரு. மடியிலதான வச்சிருக்கேன், எந்த சீட்ட அடச்சுச்சு? கைப்புள்ளைக்கு டிக்கெட் கேப்பீங்களான்னேன். கைப்புள்ள வளந்தா டிக்கெட் எடுக்கும், இது வளராதேங்குறாரு. என்ன பேச்சு இது... லக்கேஜாம்!

அக்கா, ஒங்க மொழங்கால்ல இடிக்குதா? கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கங்க. நான் அன்னவாசல்ல எறங்கணும். நீங்க? இலுப்பூரா... சரி சரி. அன்னவாசல்ல செபமாலைன்னு ஒரு பிளம்பரு, அவரு வீட்டுக்குத்தான் கொண்டு போறேன். பிளம்பருக்கே பேசினான்னு பாக்குறீங்க. அத ஏன் கேக்குறீங்க.

புதுக்கோட்டையில நாங்க வீடு வாங்கி ஒன்றர மாசந்தான் ஆவுது. பத்தொம்பது வருசம் வாடக வீடுங்க. சொவத்துல ஒரு ஆணி அடிக்க வுட மாட்டாக. காலண்டர ஃபிரிட்ஜு மேல சாச்சு வச்சுருப்பேன், ஃபேனு போட்டா கவுந்துரும். எங்க வீட்டுக்காரரு மஸ்கட்டுல கெடந்து சேத்து, இப்பத்தான் சொந்தமா ஒன்னு. பழைய வீடுதான். ஒரு வாத்தியாரு கட்டுனது. வயசாயிருச்சுன்னு மக பெங்களூருக்குக் கூட்டிப் போயிட்டாக.

எல்லாம் நல்ல வீடு. அந்த வாஷ்பேசின் கொழாதான்... ரெண்டு கொழா. பச்சத்தண்ணிக்கு ஒன்னு, சுடுதண்ணிக்கு ஒன்னு. சித்திர மாசத்துல ரெண்டுலயும் சுடுதண்ணிதான் வருது, அது வேற. உப்புத் தண்ணியில பூத்துப் போயி, தொறக்கணும்னா சேலையச் சுத்தித் திருகணும். மூடுனாலும் சொட்டு நிக்காது. செபமாலை வந்து பாத்தாரு. நல்ல பித்தளம்மா, வாசர் மாத்துனா இன்னும் இருவது வருசம் வரும்னாரு.

எனக்கு வேணாம்னுட்டேன். ஏன்னு கேளுங்க. கதவு வாத்தியாரு போட்டது, டைல்ஸு வாத்தியாரு போட்டது, வாசல்ல இருக்க முருங்கமரங்கூட அவரு வச்சது. நாங்க வாங்கிப் போட்டதுன்னு ஒன்னு வேணும்ல? ரெண்டு கொழாயாச்சும்! பளபளன்னு, கண்ணாடி மாதிரி, மொகமே தெரியும்... நானே கடையில நின்னு எடுத்தேன்.

பால் காய்ச்சுறதுக்கு மொத நாளு வந்து மாட்டுனாரு. பழச கழட்டவே மத்தியானம் ஆயிருச்சு. பேசினுக்கு அடியில மல்லாக்கப் படுத்து, துருவெல்லாம் மூஞ்சில கொட்டுது, தொடச்சுத் தொடச்சு வேல பாத்தாரு மனுசன். மாட்டி முடிச்சுட்டு, "அம்மா, ஆடுச்சுன்னா கையால முறுக்கிக்கங்க, ஸ்பேனர் மட்டும் போட்டுறாதீங்க, பீங்கான் தாங்காது"ன்னுட்டுப் போனாரு.

சாயங்காலம் பாக்குறேன், சுடுதண்ணிக் கொழா மூக்கு கொஞ்சம் கோணலா நிக்குது. இல்லக்கா, நெசமாத்தான். நூலளவு. மறுநா ஒலகமே வரப் போவுது, கொழா கோணலா இருந்தா என்ன சொல்லுவாக?... யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாகதான். எனக்குத் தெரியும்ல!

காத்து நல்லா வருது. சித்தன்னவாசல் வெலக்கு தாண்டிட்டமா? அதுக்குள்ளயா...

மறுநா பால் பொங்குச்சு. எல்லாரும் டிபன் சாப்புட்டு கை கழுவப் போறாக. எங்க நாத்தனா கொழாயத் தொறந்துச்சு பாருங்க, பேசின் ரெண்டாப் பொளந்து, பாதி கீழ விழுந்து, தண்ணி பீச்சியடிச்சு... நாத்தனா பட்டுப்பொடவ, நடு ஹாலு, விரிச்சுருந்த ஜமுக்காளம், எல்லாம் தண்ணி. எல்லாரும் என்னையவே பாக்குறாக. நான் என்ன செய்ய? "எல்லாம் அந்தச் செபமாலை பாத்த வேல"ன்னேன். வாய்ல வந்துருச்சு. வந்ததோட நின்னுச்சா? போட்டோ எடுத்து எங்க தெரு குரூப்புல போட்டேன். 'செபமாலை பிளம்பரக் கூப்புடாதீங்க'ன்னு எழுதி.

போன் போட்டதும் ஒரு மணி நேரத்துல வந்தாரு. வேற ஒரு பேசினத் தூக்கிட்டு. ஒடஞ்சதத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. ஒன்னுமே பேசாம புதுச மாட்டிட்டுப் போயிட்டாரு. பேசினு ஏதுன்னு நானும் கேக்கல.

அப்பறம் எங்க தெருவுல மூணு வீட்டுல அவரு வேல பாக்க இருந்துச்சு. மூணு பேரும் வேற ஆளக் கூப்புட்டாக. எதுத்த வீட்டம்மா எங்கிட்டயே சொல்லுது, நல்லவேள நீங்க சொன்னீங்கன்னு.

போன வாரம் ஜவுளிக்கட போனேன். உள்பாவாட எடுத்துக் குடுத்த பொண்ணு என்னையத் தெரிஞ்சு சிரிக்குது. "நான் செபமாலை வீட்டுக்காரிக்கா, பிளெஸ்ஸி. எங்க வீட்டுக்கு வாங்கி வச்சிருந்த பேசினு ஒங்க வீட்ல நல்லாருக்காக்கா?"ங்குது. அதுங்களும் வீடு கட்டுதுங்களாம். அதுங்களுக்கும் மொத வீடு. குத்திக் காட்டலக்கா அது. நெசமாவே விசாரிக்குது. அந்தப் பாவாடைக்கு என்ன சைஸு சொன்னேன்னே தெரியல. பெருசா எடுத்துட்டு வந்துட்டேன்.

எங்க வீட்டுக்காரருகிட்ட போன்ல சொன்னேன். "புது பேசின் ஒன்னு வாங்கிக் குடுத்துட்டு வந்துரு, வேற எதையும் ஒளறாத"ன்னாரு. அதான் வாரேன். குடுத்துட்டு வந்துர வேண்டியதுதான். எதுக்கு ஒளறணும்...

ஸ்பேனரு எங்க வீட்டுலயே இருந்துச்சுக்கா. வாத்தியாரு வுட்டுட்டுப் போனது. சாயங்காலம் அஞ்சர மணி இருக்கும். ஒரே ஒரு முறுக்குதான். டிக்குன்னு ஒரு சத்தம். பாத்தேன். மயிரெழ மாதிரி ஒரு கீறலு. மூக்கு நேரா வந்துருச்சு. துண்ட எடுத்து மேல போட்டு மூடிட்டு வந்துட்டேன்.

இத யாருகிட்டயும் சொன்னதில்ல. வீட்டுக்காரருகிட்டகூட பாதிதான் சொன்னேன்.

அன்னவாசலா? எறங்குறேன், எறங்குறேன். பத்து நிமிசம் நிக்குமா? அப்பன்னா... அந்தா நிக்குறாரு பாருங்க செபமாலை, சைக்கிள் பக்கத்துல. வாரேன்னு பிளெஸ்ஸிகிட்ட சொன்னேன், அது சொல்லிருக்கும். ஜன்னலுக்கே வர்றாரு.

அண்ணே... இருங்க, இந்த பேசின அப்பறம் புடிக்கலாம். அன்னைக்கு பேசின ஒடைச்சது நாந்தாண்ணே. ஸ்பேனர் போட்டேன்.

என்னது... தெரியுமா? எப்ப? அன்னைக்கேவா! ஸ்பேனர் பட்டு நட்டு மூல மழுங்கியிருந்துச்சா...

தெரிஞ்சுகிட்டா ஒங்க வீட்டு பேசினத் தூக்கியாந்தீங்க? ஏண்ணே ஒரு வார்த்த சொல்லல? ஒன்றர மாசமா எனக்குச் சோறு எறங்கலண்ணே! நீங்க மட்டும் அன்னைக்கே சொல்லிருந்தா...

ம்.

ம்... ஆமாண்ணே. சொந்தக்காரக அம்புட்டு பேரும் நின்னாக. அவக முன்னாடி என்னையக் காட்டிக் குடுக்க வேணாம்னா இருந்தீங்க?

எங்கிட்ட சொல்லி என்னம்மா, தெருவுக்குச் சொல்லுங்கங்குறாருக்கா.

சொல்றேண்ணே. வீட்டுக்குப் போனதும்... இல்ல. வீட்டுக்குப் போனா சொல்ல மாட்டேன். அக்கா, இத ஒரு நிமிசம் புடிங்க. கண்டக்டர் சார், கொஞ்சம் விசில் அடிக்காம இருங்க, தெரு குரூப்புக்கு வாய்ஸ் அனுப்புறேன்.

எல்லாருக்கும் வணக்கம். மூணாம் தெரு சொர்ணவல்லி பேசுறேன். எங்க வீட்டு பேசின ஒடைச்சது செபமாலை இல்ல. ஸ்பேனர் போடாதீங்கன்னு அவரு சொல்லிட்டுத்தான் போனாரு. நாந்தான் போட்டேன். பழியத் தூக்கி அவரு மேல போட்டதும் நாந்தான். அவரு நல்ல வேலக்காரரு. கூப்புடுங்க.

போயிருச்சுண்ணே.

கேட்டுட்டாக. ஆறு பேரு... ஒம்போது பேரு கேட்டுட்டாக. ஒருத்தரும் ஒன்னும் எழுதல.

சரி. குடுங்கக்கா. எறங்குறேன்.